பால் பொங்கிய வீடு

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். மாலை டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து திரும்பியதும் தினமும் ஒரு பக்கமாவது எழுதிவிட்டுத்தான் படுப்பேன். ஆனால் கார்த்திகை மாதக் கடைசி நாளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் முன்னது பின்னதாகிவிடுகிறது. அதனால் கலீல் பாயின் தோப்பிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் சரியான இடம் என்று தோன்றுகிறது.

செவிலிமேட்டில், டவுன் பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், மரக்கடை கலீல் பாய்க்கு ஒரு மாந்தோப்பு உண்டு. எங்கேயோ அணை கட்டி முடித்த பிறகு, அங்கே வேலை செய்தவர்களுக்காகப் போட்டிருந்த பலகை வீடுகளை ஏலம் விட்டார்கள். பாய் அவற்றை மொத்தமாக எடுத்து, லாரியில் ஏற்றி வந்து, மரங்களுக்கு நடுவே ஒரே வரிசையாக நிறுத்தினார். ஒரு கூடம், ஒரு சமையலறை, மேலே தகரம், தகரத்தின்மேல் வெயில் தாங்கப் பனையோலை. கீழே செங்கல் மேடை. அந்த மேடைதான் தரை; வீடு அதன்மேல் கவிழ்த்து வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். பின்னால் தனித்தனிக் கக்கூஸ். பாய் வீட்டை விலைக்குக் கொடுத்தார், மண்ணைக் கொடுக்கவில்லை. மண்ணுக்கு மாதாமாதம் மனை வாடகை கட்ட வேண்டும்.

முதலில் ஊரே சிரித்தது. "பாய் தீப்பெட்டி விக்கிறாரு" என்றார்கள். பிறகு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் குடிபோனார். அடுத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. ஒரு பட்டுக்கடைக் கணக்கர் பரம்பரை வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விற்றுவிட்டு மனைவியோடு போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பொருட்காட்சிக்குப் போவதுபோல் ஜனங்கள் தோப்பைப் பார்க்கப் போனார்கள். ஆண்கள் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். பெண்கள் நேராகப் பின்பக்கம் போய், கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பேசாமல் வீடு திரும்பி, அன்று இரவே பேச ஆரம்பித்தார்கள்.

என் அம்மா காந்தாவும் அப்படித்தான்.

நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் பெரியப்பா தணிகாசலத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். கூடத்தில் வாடகைக்கு விட்ட இரண்டு தறிகள். அப்பா துரைக்கண்ணுவுக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஒரே சமையலறை. பெரியம்மா பொன்னியம்மாள் சமைத்து முடித்த பிறகுதான் அம்மாவுக்கு அடுப்பு கிடைக்கும். பெரியம்மா கெட்டவள் இல்லை. மெதுவாகச் சமைப்பவள், அவ்வளவுதான். ஆனாலும் அப்பா பசியோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கும்போது அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் பெரியப்பா மகன் முருகேசனுக்குக் கல்யாணமானது. புதுப்பெண் வடிவு வந்தாள். வீட்டில் இருந்த ஒரே அறை எங்களுடையது. பெரியப்பா தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"கார்த்திகைக்குள்ள ஒரு வழி பண்ணிக்கோ, தொரை. புதுசா கல்யாணம் ஆனதுங்க, தறிக்குழி ஓரத்துல படுத்துக்கினு இருக்குதுங்க."

அப்பா தோப்பில் ஒன்பதாம் நம்பர் வீட்டை வாங்கினார். எனக்குச் சந்தேகங்கள் இருந்தன. மண் நம்முடையது இல்லையே, பலகை கரையான் அரிக்காதா, மழைக்குத் தாங்குமா என்று வரிசையாகக் கேட்டேன். அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்:

"பூட்டின கதவையே மூணு தடவை இழுத்துப் பாக்குறவ நீ. உன்னைக் கேட்டா நான் குடி போறேன்?"

நாள் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் மார்கழி பிறக்கிறது. மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆகவே கார்த்திகைக் கடைசி நாள், பொழுது விடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். முதல் நாளே எங்கள் அறையில் வடிவின் பெட்டியை வைத்துவிட்டார்கள். திரும்பிப் போக இடம் இல்லை என்பதை அதிகம் யோசிக்காமல்தான் நாங்கள் கிளம்பினோம்.

தோப்புக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. பனி இறங்கியிருந்தது. அப்பா கையில் அரிக்கேன் விளக்கு. அம்மா இடுப்பில் குடம். நான் பால் சொம்பும் குத்துவிளக்கும் எடுத்துக்கொண்டேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் விடிந்ததும் சாமான் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. பகலில் பலமுறை வந்து பார்த்த வீடுதான். ஆனால் இருட்டில் எல்லா வீடும் ஒன்றுபோல் இருந்தது. நம்பர் இன்னும் எழுதவில்லை. அப்பா முதல் வீட்டிலிருந்து விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்து, ஒன்பது என்று நின்றார்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு அடுத்தாப்புல இன்னொரு வீடு இருந்துதே? இது கடைசியா இல்ல இருக்குது?" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டாப்பா" என்றாள் அம்மா.

"சாவியைப் போட்டுப் பாக்குறேன். தொறந்தா நம்ம வூடு" என்றார் அப்பா. பூட்டு ஒரே திருப்பில் திறந்துகொண்டது. அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்?

அம்மா வாசலில் கோலம் போட்டாள். நிலைக்கு மஞ்சள் பூசினாள், மாவிலை கட்டினாள், உள்ளே குத்துவிளக்கை ஏற்றினாள். மூன்று செங்கல்லை அடுப்பாக வைத்துப் பால் பானையை ஏற்றினோம். அம்மா பானையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் அழுகிறாளா, புகையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

விடிந்ததும் முதல் பஸ் வந்து திரும்பியது. அதிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வயதான அம்மாள் ஒருத்தி இறங்கினாள். கண்டக்டர் படியிலிருந்தபடியே அவளைப் பார்த்து, "அம்மி, சாயந்தரம் வந்து பாக்குறேன், சாக்கிரதை!" என்று கத்தினான். விசில் அடித்தான். பஸ் போய்விட்டது. அந்த அம்மாள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்து கோலத்துக்கு முன்னால் நின்றாள்.

"யா அல்லா! என் வூட்ல யாருடி அடுப்பு மூட்டிக்கினு இருக்கிறது?"

அம்மா வெளியே வந்தாள். "இன்னாம்மா சொல்றீங்க? இது எங்க வூடு."

"உங்க வூடா? மூலை வூடு ரம்ஜான் பீக்குன்னு கலீலு ரம்ஜான் மாசமே சொல்லிட்டான். இதோ சாவி." அவள் சாவியைக் காட்டினாள். அப்பாவும் தன் சாவியைக் காட்டினார். இரண்டையும் பூட்டில் போட்டுப் பார்த்தோம். இரண்டும் திறந்தன. பக்கத்து வீட்டுப் பூட்டிலும் போட்டோம். அதுவும் திறந்தது. தபால்காரர் வீட்டுப் பூட்டில் போட்டுப் பார்க்கலாமா என்று அப்பா நினைத்தது அவர் முகத்தில் தெரிந்தது. நல்லவேளை, போகவில்லை.

கலீல் பாயைக் கூட்டிவந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்குச்சியோடு வந்தார்.

"ஒன்பது வரைக்கும் எண்ணினேன் பாய்" என்றார் அப்பா.

"ஒண்ணுலேர்ந்து எண்ணினியா?"

"ஒண்ணுலேர்ந்துதான்."

"எட்டு எண்ணினியா?"

"எண்ணாம? ஏழுக்கு அப்பறம் எட்டுதான?"

பாய் பல்குச்சியைத் துப்பினார். "எட்டு கிடையாதுப்பா இங்க! எட்டாம் நம்பர் வூட்டை இந்த ஊர்ல எவன் வாங்குவான்? ஏழுக்கு அடுத்தது ஒன்பது, அதுக்கு அடுத்தது பத்து. நீ பத்துல பால் காய்ச்சிட்டு நிக்குற."

அதற்குள் சாமான் வண்டி வந்துவிட்டது. பெரியப்பா, பெரியம்மா, முருகேசன், வடிவு, தெருவில் பெரியப்பாவோடு அம்மன் உற்சவத்துக்குச் சாமி தூக்கும் ஆட்கள் என்று ஒரு கூட்டம். வண்டி தள்ளவும் பொங்கல் சாப்பிடவும் வந்தவர்கள். நடந்ததைக் கேட்டு முருகேசன் சிரித்தான். பெரியம்மா அவன் தலையில் தட்டினாள்.

"இதுல இன்னா இருக்குது" என்றார் அப்பா. "பக்கத்து வூட்ல இன்னொரு தபா காய்ச்சிட்டாப் போச்சு."

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு அடி பின்னால் போனார். "ஒரே முகூர்த்தத்துல ரெண்டு தபா தாலி கட்டுவியா நீ? அந்த நேரம் போயிடுச்சு. நாளைக்கு மார்கழி. பால் பொங்கின வூட்டை வுட்டுட்டு, பொங்காத வூட்ல போய் நான் படுப்பனா?"

"அப்போ மாத்திக்குங்க" என்றார் பாய். "நீங்க பத்துல இருங்க. பீயம்மா ஒன்பதுல இருக்கட்டும். வூடு ரெண்டும் ஒரே மாதிரிதான?"

"மாட்டேன்" என்றாள் ரம்ஜான் பீ. பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "வூடு ஒண்ணுதான். இடம் ஒண்ணா? மூலையிலேர்ந்து பார்த்தா பஸ் திரும்புற இடம் தெரியுது. என் மவன் ரஷீத் இந்த பஸ்ஸுல கண்டக்டர். அவன் பொண்டாட்டி வூட்டோட வாலாஜாபாத்ல இருக்கிறான். வரச்சொல்ல ஒரு தபா, போகச்சொல்ல ஒரு தபா அவன் மூஞ்சியைப் பாக்கலாம்னுதான் இந்த மூலை. ஒன்பதுலேர்ந்து பார்த்தா இன்னா தெரியும்? பத்தோட சுவருதான் தெரியும்."

நான் ஒன்பதாம் வீட்டு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சுவர்தான் தெரிந்தது. திரும்பி வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவளுக்கு அந்தப் பீயம்மாவின் மேல் கோபப்படவும் முடியவில்லை.

"நான் இன்னா பண்ணுவேன் பீயம்மா?" என்றாள். "இதுதான் எனக்குன்னு வந்த முதல் வூடு. சகுனத்தை மீறி உள்ள போனா, ஒரு தலைவலி வந்தாலும் இதாலதான்னு தோணும் எனக்கு. பழைய வூட்லயும் இடம் இல்ல."

"இருந்துட்டுப் போ காந்தா, நாங்க தறி ஓரமா..." என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"வேணாம் மாமா" என்றாள் அம்மா. வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

கலீல் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. கடை திறக்கும் நேரம். "இவளுக்கு வூடு வேணுமாம், அந்தம்மாவுக்கு மண்ணு வேணுமாம்! வூடு உங்களுது, மண்ணு என்னுது, அவ்வளவுதான் பேச்சு. வேணும்னா வூட்டைத் தூக்கி அந்தாண்ட வெச்சிக்குங்க, எவன் வேணாம்னான்?"

அவர் கோபத்தில்தான் சொன்னார். ஆனால் பெரியப்பா மெதுவாக எழுந்துபோய், வீட்டின் அடிக்கட்டைக்கும் செங்கல் மேடைக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றி நடந்தார். பின்னாலேயே சாமி தூக்கும் ஆட்களும் நடந்தார்கள்.

"தகரத்து மேல ஓலையை இறக்கிட்டா?" என்றார் ஒருவர்.

"அம்மன் சப்பரத்தை விட இது பெரிய கனமா?" என்றார் பெரியப்பா. "பாய், உங்க கடையில நீளமா சவுக்குக் கட்டை இருக்குதா?"

பாய் வாயைத் திறந்தபடி நின்றார். "நான் சும்மா சொன்னேன்பா."

"நாங்க சும்மா கேக்கல."

அம்மாவுக்கு இன்னும் ஒரு குழப்பம் இருந்தது. பால் வழிந்தது மேடையில்தானே, மேடை இங்கேயே இருந்துவிடுமே? இதைத் தீர்த்தது பெரியம்மா. "கூரைக்குக் கீழதான பொங்குச்சு? அடுப்புக் கல்லும் ஏத்தின விளக்கும் கூடப் போனா வூடு போன மாதிரிதான்" என்றாள். இந்த மாதிரி விஷயங்களில் எங்கள் தெருவில் பெரியம்மா சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அம்மா மூச்சுவிட்டாள். ஆனால் விளக்கு வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, அணையவும் கூடாது என்றாள் பெரியம்மா.

"அப்போ நான் உள்ளயே இருக்கேன்" என்றாள் அம்மா.

ஓலையை இறக்கி, பாய் கடையிலிருந்து வந்த சவுக்குக் கட்டைகளை அடியில் கட்டி, முதலில் ஒன்பதாம் வீட்டைத் தூக்கி வழியில் வைத்தார்கள். மேடையை விட்டு அது மேலே எழும்பியபோது கூட்டம் "கோவிந்தா!" என்று கத்தியது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ரம்ஜான் பீ கையை ஆட்டினாள். "அது என் வூடா ஆவப்போவுது! பிஸ்மில்லா சொல்லித் தூக்குங்கப்பா!" அடுத்த மூச்சில் அத்தனை பேரும் "பிஸ்மில்லா!" என்று கத்தினார்கள். கலீல் பாய் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு அவரும் ஒரு கட்டைக்குத் தோள் கொடுத்தார்.

பத்தாம் வீட்டுக்குள் அம்மா விளக்கோடு நின்றாள். நான் பால் பானையோடு நின்றேன். நான் உள்ளே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கூரை விழுந்தால் யாராவது ஒருவர் அம்மாவை வெளியே இழுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா மூன்று செங்கல்லையும் கூடையில் எடுத்துக்கொண்டார். வெளியே பெரியப்பாவின் குரல் கேட்டது. உற்சவத்தில் அவர் சாமிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து, துண்டை ஆட்டிக்கொண்டே வழிகாட்டுவார். அதே குரல்.

"வலப்பக்கம் தாழுது! முருகேசா, பொண்டாட்டி பாக்குறா, ஒழுங்கா தூக்குடா! ம்... போலாம்!"

சுவர்கள் முனகின. காலடியிலிருந்து வீடு எழும்பியது. சுற்றிலும் சுவர், தலைக்குமேல் கூரை, ஆனால் பலகைக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் கோடாக உள்ளே வந்தது. அந்த இடைவெளியில் வெறும் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. வீடு நகர்ந்தது. நாங்களும் அதோடு நடந்தோம். மேடையிலிருந்து இறங்கினோம். ஈரப் புல்லை மிதித்தோம். ஜன்னலுக்கு வெளியே மாமரம் ஒன்று நிதானமாகக் கடந்து போனது. ஒரு நத்தை எங்கள் கூடத்துக்கு நடுவே வந்து, பின்சுவருக்கு அடியில் வெளியேறியது. அதைக் காட்டினேன்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பால் சுடரை மறைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அம்சா, வூட்டை வுட்டு நான் எங்கயும் போகல பாரு" என்றாள். "வூடுதான் போவுது."

ஒன்பதாம் மேடையில் ஏறினோம். வீடு எங்களைச் சுற்றி மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. வெளிச்சக் கோடு மறைந்தது. விளக்கு அணையவில்லை. அப்பா கூடையோடு உள்ளே வந்து, செங்கற்களை அம்மா காட்டிய இடத்தில் வைத்தார். பெரியம்மா வாசலில் புதிதாக ஒரு கோலம் போட்டாள். பிறகு மற்ற வீட்டையும் தூக்கி மூலையில் வைத்தார்கள். ரம்ஜான் பீ உள்ளே போனாள். ஜன்னலைத் திறந்து ரோட்டைப் பார்த்தாள். "சரியா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துப் பஸ் வந்து திரும்பியபோது, "ரஷீது! உன் வூட்டைச் சாமி மாதிரி தூக்கிக்கினு வந்தாங்கடா!" என்று அவள் கத்தியது தோப்பு முழுக்கக் கேட்டது. அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

தூக்கியவர்கள் பொங்கல் சாப்பிட்டார்கள். பாய் எல்லா வீட்டுக்கும் வேறு வேறு பூட்டு வாங்குவதாகச் சொன்னார். கிளம்பும்போது பெரியப்பா வீட்டின் மூலைக் கட்டையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "நல்ல கட்டைதான், தொரை" என்றார். பெரியம்மா மட்டும் கொஞ்சம் தாமதித்து, பின்பக்கம் போய், கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். வண்டியில் ஏறியதும் பெரியப்பாவிடம் ஏதோ பேச ஆரம்பித்தாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓலையை மறுபடி வேய அன்றைக்கு நேரம் இருக்கவில்லை. தகரத்தின்மேல் மழை விழுந்த சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. தூக்கும்போது ஒரு இணைப்பு விலகியிருக்க வேண்டும். சமையலறை மூலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. நான் உடனே எழுந்து மற்ற மூலைகளையும் பார்த்தேன். நாளைக்கே தார் வாங்க வேண்டும், பலகை ஊறினால் என்ன ஆகும், பாயிடம் இதைச் சொல்ல வேண்டுமா, அப்பா சொல்வாரா நான் சொல்வதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். யாருக்காகவும் காத்திராமல் பகல் சமையலை ஆரம்பித்திருந்தாள். அடுப்பைவிட்டு எழாமலே ஒரு பித்தளைக் குண்டானைக் காலால் நகர்த்தி, ஒழுகும் இடத்துக்கு நேராக வைத்தாள். சொட்டு அதில் விழுந்து கணீரென்று சத்தம் கேட்டது.

"ஒழுகட்டும்டி" என்றாள். "நம்ம வூட்லதான ஒழுகுது."

அப்பா ஏற்கனவே இலை போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.